இழுத்துப் பிடிக்கும் கை

டாட்டூவைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் படத்தைத்தான் பார்க்கிறார்கள். சிங்கமா, மயிலா, அம்மாவின் முகமா, முகம் அப்படியே வந்திருக்கிறதா என்பதோடு பார்வை முடிந்துவிடுகிறது. போட்டவரின் கைத்திறனை எடைபோட இது போதாது. படத்தை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டென்சில் தாளில் பிரதி எடுத்துத் தோலில் ஒற்றிக்கொள்ளலாம். ஒற்றிய ஊதாக் கோட்டின் மேல் மெஷினை ஓட்டி, அதைத் தோலுக்குள் ஒரு கறுப்புக் கோடாக நிறுத்தும் சில நொடிகளில்தான் தொழில் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு கோட்டைப் பார்த்தால் போதும் என்பேன். நான்கு விரற்கடை நீளம், கொஞ்சம் வளைவு, புண் ஆறி இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். தொடங்கிய இடத்தில் மை குமிழாகத் தேங்கியிருக்கிறதா, வழியில் தடிமன் மாறுகிறதா, வளைவில் கை தயங்கியது தெரிகிறதா, ஓரத்தில் நீலப் புகை படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே போட்டவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். அந்தக் கோட்டைப் போடுவது மெஷின் பிடித்த கை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். தொழிலுக்குப் புதிதாக வருகிறவரும் அப்படியே நினைத்து, அந்தக் கையையே இரவு பகலாகப் பழக்குகிறார். என் கட்சி வேறு. கோட்டில் பெரும்பங்கு மற்றக் கைக்கு, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் கைக்குச் சேர வேண்டியது. புதியவர்களின் முன்னேற்றம் முட்டி நிற்பதும் அங்கேதான்.

மெஷின் பிறந்த கதையே இதற்கு ஒரு சாட்சி. தாமஸ் எடிசன் 1876இல் மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். டாட்டூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அலுவலகக் கடிதங்களைப் பல பிரதி எடுப்பதற்காகக் காகிதத்தில் பொடிப்பொடியாகத் துளையிட்டு ஸ்டென்சில் தயாரிக்கும் கருவி அது. நியூயார்க்கில் டாட்டூத் தொழில் செய்துவந்த சாமுவேல் ஓ'ரெய்லி அதே தத்துவத்தைத் தன் வேலைக்கு ஏற்ப மாற்றி, 1891இல் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னால் வந்த காயில் மெஷின், மோட்டாரில் ஓடும் ரோட்டரி, இன்று பேனா வடிவில் பேட்டரியில் ஓடுவது எல்லாமே ஊசியை மேலும் கீழும் விரைவாக அடிக்கும் அதே வேலையைத்தான் செய்கின்றன. காகிதத்துக்கென்று பிறந்த யோசனை தோலுக்கு வந்தபோது ஊசி வந்தது, வேகம் வந்தது, காகிதத்தின் சமதளம் மட்டும் வரவில்லை. மேசைமேல் விரித்த தாள் தன் பாட்டுக்குக் கிடக்கும். தோல் அமுங்கும், நழுவும். ஊசி இறங்கும்போது கூடவே குழியும், ஏறும்போது ஊசியை விடாமல் கூடவே எழும்பும். தாள் சும்மா கொடுத்த சமதளத்தை இங்கே ஒரு கை உழைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு நுட்பமான இடத்தில் இந்த வேலை நடக்கிறது என்பதை அளவுகளில் பார்க்கலாம். உடம்பின் பெரும்பகுதியில் மேல்தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அது ஓயாமல் உதிர்ந்து புதிதாவது. மை அதோடு நின்றுவிட்டால் புண் ஆறும்போது பொருக்கோடு போய்விடும். மை தங்க வேண்டிய இடம் அதன் கீழே உள்ள உள்தோல். ஊசி சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் அங்கே போய்ச் சேரும். அதையும் தாண்டிக் கொழுப்பில் இறங்கினால் மை கசிந்து பரவி, கோட்டின் ஓரம் நீலமாகப் புகைந்துவிடும். இனி தொளதொளப்பான தோலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு வைத்த ஊசி, துளைப்பதற்கு முன் தோலையே கொஞ்ச தூரம் கீழே தள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே இறங்குவது பாதிதான். கோடு வெளிறித் தெரிகிறது. புதியவர் ஆழம் போதவில்லை என்று நினைத்து அழுத்துகிறார். அரை அங்குலம் தாண்டியதும் எலும்பின் மேல் தோல் தானாகவே விறைப்பாக இருக்கும் இடம் வருகிறது. அதே அழுத்தம் அங்கே ஊசியைக் கொழுப்பு வரை கொண்டுபோய்விடுகிறது. ஒரே கோட்டில் ஒரு முனை வெளிறியும் மறுமுனை புகைந்தும் கிடப்பதற்கு மெஷின் பிடித்த கை நடுங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. (புகை கோட்டின் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஊசி சாய்ந்திருந்தது என்று சந்தேகிக்கலாம். அது தனிக் குறை.)

வேகத்திலும் இதே கதை. மெஷின் நொடிக்கு நூறு முறை குத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கோடு போடுகையில் பல மெஷின்கள் இதை ஒட்டித்தான் ஓடுகின்றன. கை நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர். கோட்டுக்குப் பயன்படும் ஊசி ஒன்றின் குறுக்களவு 0.35 மில்லிமீட்டர் என்றால் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கோடாகும். கை ஐந்து சென்டிமீட்டர் ஓடிவிட்டால் இடைவெளி 0.5 ஆகிறது; கோடு புள்ளிவரிசையாகிவிடும். அரை சென்டிமீட்டரே நகர்ந்தால் ஒரே இடத்தில் ஏழு குத்து விழுந்து தோல் சிதையும். ஊசியின் நுனி கூம்பியிருப்பதால் கணக்கு தோராயம்தான், ஐந்து ஏழு ஊசிகளைச் சேர்த்துக் கட்டிய லைனரில் இன்னும் கொஞ்சம் தாராளம் கிடைக்கும். ஆனால் கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: கை நகரும்போது தோல் நின்ற இடத்தில் நிற்கிறது என்ற நம்பிக்கை. இழுத்துப் பிடிக்காத தோல் ஊசியோடு கொஞ்ச தூரம் கூடவே போகும், பிறகு சட்டென்று பின்வாங்கும். கை சீராகவே போனாலும் தோலில் விழும் குத்துகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் விழுகின்றன. பார்ப்பவர் அதைக் கை நடுக்கம் என்கிறார். கற்கிறவரும் அப்படியே நம்பி, தாளில் ஆயிரம் நேர்கோடு போட்டுப் பழகுகிறார். தாளில் கோடு நேராகிவிடுகிறது. தோலில் அதே நடுக்கம்.

ஆஸ்திரிய உடற்கூற்று அறிஞர் கார்ல் லாங்கர் 1861இல் வெளியிட்ட ஆய்வு டாட்டூக்காரர்களுக்காகச் செய்ததல்ல. ஆனாலும் அவர்கள் அளவுக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளக்கூடியவர்கள் குறைவு. பிணங்களின் தோலில் வட்டமான கூர்முனையால் அவர் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நிற்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு திசையில் நீண்டு, நீள்வட்டங்களாகத் திறந்துகொண்டன. தோல் ஏற்கெனவே உடம்பின் மேல் ஒரு குறிப்பிட்ட திசையில் இழுபட்டுத்தான் இருக்கிறது என்பது அதிலிருந்து தெரியவந்தது. அறுவை மருத்துவர்கள் இன்றும் கத்தி வைக்கும் திசையைத் தீர்மானிக்க லாங்கர் கோடுகளைப் பார்க்கிறார்கள். டாட்டூவுக்கு இதில் உள்ள பாடம், இழுப்பு எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருக்க முடியாது என்பது. அந்தக் கோடுகளின் போக்கில் தோல் அதிகம் கொடுத்துப் போகாது. குறுக்கே நன்றாக நெகிழும். ஆகவே எந்தப் பக்கம் எவ்வளவு இழுப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆளுக்கு ஆள் மாறும், வயதுக்கும் மாறும். தேர்ந்த கலைஞர்கள் மெஷினைத் தொடுவதற்கு முன் கட்டைவிரலால் அந்த இடத்தை நாலா பக்கமும் தள்ளிப் பார்ப்பது இதற்காகத்தான். லாங்கரின் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாமலிருக்கலாம். விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த வாதத்துக்கு ஆகச் சிறந்த சான்று சமோவாத் தீவுகளில் கிடைக்கிறது. அங்கே ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை போட்டுக்கொள்ளும் பெஆ என்ற பச்சை, சீப்புப்போல் பல் வைத்த கருவியைக் கோலால் தட்டித் தட்டிப் போடப்படுவது. போடுகிற ஆசானுக்குத் துஃபுங்கா என்று பெயர். அவருடைய ஒரு கையில் பல்கருவி, மற்றொன்றில் தட்டுகோல். தோலை இழுக்க அவரிடம் கை மிச்சமில்லை. ஆகவே தோசோ எனப்படும் உதவியாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தோலை இழுத்துப் பிடிக்கிறார்கள், வழியும் மையையும் ரத்தத்தையும் துடைக்கிறார்கள். இவர்களில் பலர் தொழில் கற்க வந்த சீடர்கள். கருவி கையில் வருவதற்கு முன்பே ஆசானின் தட்டு ஒவ்வொன்றையும் தோலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து விரலால் உணர்ந்திருப்பார்கள். எவ்வளவு விறைப்பில் பல் சுத்தமாக இறங்குகிறது, எப்போது சறுக்குகிறது என்பது அவர்களுக்கு அத்துபடியாகியிருக்கும். ஜப்பானின் தெபோரி முறையில் வேலைப் பங்கீடு வேறு மாதிரி. நீண்ட குச்சியின் நுனியில் ஊசிகளைக் கட்டி வலது கையால் தள்ளிக் குத்துகிறார்கள். இடது கைக்கோ மூன்று வேலை: தோலை விரித்துப் பிடிப்பது, குச்சி சாய்ந்துகொள்ளக் கட்டைவிரலைத் தாங்கலாகக் கொடுப்பது, மை தோய்த்த தூரிகையை விரலிடுக்கில் வைத்திருப்பது. யோகோஹாமாவின் புகழ்பெற்ற மூன்றாம் ஹொரியோஷி பிற்காலத்தில் கோட்டுக்கு மெஷினையும் நிழலுக்குக் கையையும் வைத்துக்கொண்டார். குச்சி போய் மெஷின் வந்ததால் இடது கையின் சுமையில் ஒன்றிரண்டு குறைந்தன. தோலை விரிக்கும் வேலை குறையவில்லை.

இன்றைய மெஷின்கள் அந்தக் காலத்துப் பொருள் அல்லவே என்று கேட்கலாம். அதிர்வு குறைவு, எடை குறைவு, ஊசி வெளியே நீட்டும் அளவைத் திருகித் திருத்தலாம், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கார்ட்ரிட்ஜ் வந்துவிட்டதால் சுத்தமும் கூடியிருக்கிறது. சுத்தத்தில் வந்த முன்னேற்றத்தைப் பற்றி எனக்கு மறுபேச்சு இல்லை. மற்றவை கையின் களைப்பைக் குறைத்தன, அவ்வளவே. ஊசி எவ்வளவு நீள வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லலாம். எதிரே வரும் தோல் எவ்வளவு குழியும் என்று அதற்குச் சொல்ல வழியில்லை. புதியவர் கோடு சரியாக வராதபோதெல்லாம் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும், ஆறு மாதத்துக்கு ஒரு மெஷின் மாற்றுவதும் இந்தத் தொழிலின் செலவு மிகுந்த நோய். விற்கிறவர்களுக்கு அது லாபமாக இருக்கலாம்.

ஓவியத்திறன் அல்லவா முதலில் வேண்டும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பாதி உண்மை. எதை வரைவது, தசையின் போக்கில் எங்கே அமர்த்துவது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் வரையத் தெரிந்தவருக்கே கைகூடும். ஸ்டென்சிலை நம்பியே காலம் தள்ளுகிறவர் ஓர் எல்லைக்கு மேல் வளர மாட்டார். ஆனால் வரையத் தெரிந்ததே தோலுக்குப் போதும் என்றால், சான்பிரான்சிஸ்கோவின் கலைக் கல்லூரியில் அச்சோவியம் படித்துப் பட்டம் வாங்கிய டான் எட் ஹார்டி, 1973இல் ஜப்பானின் கிஃபு நகருக்குப் போய் ஹொரிஹிதே என்ற ஆசானிடம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உலோகத் தகட்டில் ஊசியால் கீறத் தெரிந்த கை அவருடையது. தகடு அசையாது என்பதுதான் வித்தியாசம். நன்றாக வரையத் தெரிந்தவர்கள் டாட்டூவில் தொடக்கத்தில் தடுமாறுவதற்குக் காரணமும் இதுவாகவே இருக்க வேண்டும்: பேனாவை ஓட்டும் கைக்கு மற்றக் கை சும்மா தாளைத் தொட்டுக்கொண்டிருந்தே பழக்கம்.

கோடே இல்லாத பாணிகள் இருக்கின்றனவே, புகைப்படம்போல் முகம் போடுகிறவர்கள் வெளிக்கோடு இழுப்பதில்லையே என்றும் கேட்பார்கள். வாஸ்தவம். அவற்றில் தலைசிறந்த வேலைகள் உண்டு. மேக்னம் ஊசியால் நிழல் போடும்போதும் தொளதொளத்த தோல் பிய்ந்து புண்ணாகும் என்பதால் இழுப்பு அங்கேயும் தேவைதான். ஆனாலும் கற்கிறவர் அங்கே தொடங்கக்கூடாது என்பதற்கு நான் சொல்லும் காரணம் வேறு. நிழல் தவறை மறைத்துக்கொடுக்கும். ஓரிடத்தில் வெளிறினால் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இருட்டைக் கூட்டிச் சமாளித்துவிடலாம்; செய்தவருக்கே எங்கே தவறினோம் என்று தெரியாமல் போய்விடும். கோட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. அதன் மேல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஓட்டித் திருத்தலாம் என்பதும் ஆகாத வழக்கம்; வீங்கத் தொடங்கிய தோலில் பழைய தடத்தின் மேலேயே ஊசி விழாது, கோடு இரட்டிக்கும்.

வீட்டுப் பாட்டிகளின் கைகளைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். முன்கையில் மங்கிய நீலமாகக் கிடக்கும் அந்தக் கோலங்களில் ஒரு கோடாவது கூர்மையாக இருக்கிறதா? இல்லாவிட்டாலும் அழகுதானே? எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குறத்திகள் பச்சை குத்தும் முறையை எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள்பொடியையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச்சட்டி கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டி மையாக்குவார்களாம். மெஷினும் இல்லை, ஸ்டென்சிலும் இல்லை. அந்தப் பச்சைகளைக் கூர்ந்து பார்த்தால் மங்கலிலும் இரண்டு வகை தெரியும். காலத்தால் வந்த மங்கல் கோடு நெடுக ஒரே சீராக இருக்கும், இரு புறமும் சமமாகத் தடித்திருக்கும். கையால் வந்த மங்கல் திட்டுத்திட்டாக இருக்கும். முதல் வகையை எப்போதும் மன்னித்துவிடலாம், அது உடம்பின் இயல்பு. தோலுக்குள் மையைப் பிடித்துவைத்திருப்பவை உயிரணுக்கள். ஓரணு இறந்து மையைக் கைவிடும்போது புதிதாக வந்த மற்றோர் அணு அதை விழுங்கி வைத்துக்கொள்கிறது என்று பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிவாலில் பச்சை குத்திக் காட்டினார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறி இருக்கும் மை நாளடைவில் கொஞ்சம் பரவத்தான் செய்யும். புள்ளிக் கோலத்தை ஒட்டிய பழைய வடிவங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். புள்ளிக்கும் சுற்றி வரும் கோட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பதால் தடித்தாலும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வாசற்கோலத்துக்கும் பச்சைக்கும் உள்ள இந்த உறவை ஜான் லேயர்ட் 1937இலேயே ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். ஆகவே பாட்டியின் கை என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி ஆகாது. சீராக விழுந்த குத்துதான் சீராக மங்கும்.

அப்படியானால் கற்கிறவர் எதைப் பழகுவது? சிலிக்கோன் போலித்தோல், ஆரஞ்சுப் பழம், பன்றித்தோல் எல்லாவற்றுக்கும் அதனதன் பயன் உண்டு. மெஷினின் எடை, கையின் வேகம், கோட்டைத் தொடங்கி முடிக்கும் நயம் ஆகியவற்றை அங்கே பழகலாம். யார் உடம்பும் பாழாகாது. இழுப்பை மட்டும் பழக முடியாது. போலித்தோல் மேசைமேல் தட்டையாகக் கிடக்கிறது, மூச்சு விடுவதில்லை, வீங்குவதில்லை. அதில் அழகாகப் போட்ட படங்களை வைத்துக்கொண்டு நேரே விலா எலும்புக்குப் போகிற துணிச்சலுக்கு விலை கொடுப்பவர் வாடிக்கையாளர். நல்ல வழி, சமோவாச் சீடர்களைப்போல் ஒரு மூத்த கலைஞர் பக்கத்தில் நின்று, அவர் அனுமதித்தால் தோலைப் பிடித்துக்கொடுப்பது. அது வாய்க்காதவர் முன்கையின் வெளிப்புறம், கெண்டைக்கால் போன்ற இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும்; கழுத்தும் முழங்கை மடிப்பும் பிறகு. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதிரெதிர்ப் பக்கம் விரிய, மெஷின் பிடித்த கையின் ஓரம் மூன்றாவது பக்கம் இழுக்க, நடுவில் விழும் முக்கோணத்துக்குள் ஊசி ஓட வேண்டும். முக்கோணம் தீர்ந்ததும் கோட்டை நிறுத்தி, பிடியை மாற்றிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் பிடியை மாற்றாமல் ஊசியை மட்டும் நீட்டிக்கொண்டே போவார்கள், கோடு கெடுவது அந்தக் கடைசி அரை அங்குலத்தில். கையுறைமேல் வாஸ்லின் பட்டால் விரல் வழுக்கும். விரலுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு டிஷ்யூ காகிதம் வைத்தால் பிடி நிற்கும். ஸ்டென்சிலை ஒற்றும்போது மட்டும் இழுக்கவே கூடாது. கை இயல்பாகத் தொங்கும் நிலையில் ஒற்றாவிட்டால் பிறகு படமே முறுக்கிக்கொள்ளும். வேலை முடிந்த அன்றைக்கு எடுத்த பளபளப்பான படத்தை வைத்துத் தன்னை மதிப்பிடுவதும் வீண். ஆறிய பிறகு அதே ஆளை வரச்சொல்லி அதே வெளிச்சத்தில் எடுத்த படத்தைத்தான் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்க் கலைஞருக்கு இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் மேல்தோலில் இருக்கிறது, மை அதன் அடியில். மாநிறத் தோலில் டாட்டூவைப் பார்ப்பது டிகாஷன் ஊற்றிய கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் வைத்த படத்தைப் பார்ப்பது போலத்தான். மஞ்சளும் வெளிர்நீலமும் அமுங்கிவிடும், கறுப்பு தாக்குப்பிடிக்கும். அதனால் வெள்ளைத் தோலைவிட இங்கே கோட்டை நம்பியே படம் நிற்கிறது. புதியவர் கோடு எடுப்பாகத் தெரியட்டும் என்று ஆழமாகக் குத்தினால் புகையும், சிலருக்குத் தழும்பு தடித்தும் வளரும். ஆழம் எந்த நிறத்துக்கும் ஒன்றுதான்; மாற்ற வேண்டியவை கோட்டின் தடிமனும் கோடுகளுக்கு நடுவே விடும் வெற்றிடமும். தோல் சிவப்பதும் ஊசித் தடமும் கருந்தோலில் கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது என்பதால், தோல் களைத்துவிட்டதைப் பிடித்திருக்கும் விரல்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் பெயர் குத்திக்கொள்ள வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள். தமிழ் எழுத்து இந்த விஷயத்தில் சுலபமான ஆள் இல்லை. கண்ணன் என்ற பெயரை எடுத்துக்கொண்டால் ண் ஒன்று, ண ஒன்று, ன் ஒன்று. சுழிக்குள் சுழி, மேலே இரண்டு புள்ளி. மணிக்கட்டின் உட்புறத்தில், மெல்லிசாக நழுவும் தோலில், அரிசி உயரத்துக்கு இதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அன்றைக்கு அழகாகவே இருக்கும். கோடு கொஞ்சம் தடிக்கத் தொடங்கியதும் சுழிகள் அடைபடும், புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்தை மூன்று மடங்கு பெரிதாக்கலாம், அல்லது முன்கைக்கு ஏற்றலாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது கலைஞரின் கடமை; ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையை விட்டுவிடலாம். கேட்டு வந்தவர் அடுத்த தெருக் கடைக்குப் போய்ப் போட்டுக்கொள்வார். சில வருடம் கழித்து அதை மறைக்க ஒரு படம் போடச் சொல்லி இங்கேயே வந்து நின்றாலும் நிற்பார்; பழைய கறுப்பை மூட அதைவிடப் பெரிய, இருண்ட படம் வேண்டியிருக்கும், அதே மணிக்கட்டில், ஏற்கெனவே ஒருமுறை புண்பட்ட தோலை இழுத்துப் பிடித்தபடி.